ஏழாவது மடை

என் வீட்டுக்காரர் இளஞ்செழியனை கேம் விமர்சகர் ஆக்கியது நீடாமங்கலம் ரயில்வே கேட். கேலிக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அவர் நெல் மூட்டை ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தக் கேட்டைத் தாண்டியாக வேண்டும். நாலில் மூன்று தடவை அது மூடியிருக்கும். ரயிலிலிருந்து கழற்றிய எஞ்சின் இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் வந்து கோர்த்துக்கொள்வதற்குள் பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி, டீ குடித்து, கடலை தின்று, அரசாங்கத்தைத் திட்டி முடித்துவிடுவார்கள். இவர் மட்டும் வண்டிக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி ஒரு தீபாவளிக்கு வந்தபோது எனக்கு ஒரு புடவை, மாமனாருக்கு ஒரு டார்ச் லைட், இவருக்குக் கையில் பிடித்து விளையாடும் கேம் மிஷின் ஒன்று கொண்டுவந்தான். எங்கள் வீட்டில் அதற்கு டப்பா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் நான். பிரியத்தில் வைக்கவில்லை.

சும்மா சுட்டுத் தள்ளுகிற விளையாட்டெல்லாம் இவருக்குப் பிடிக்காது. ஒரு ஆளாக மாறி, ஊர் ஊராக நடந்து, எதிரே வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து, கூட்டாளி சேர்த்து, சண்டை போட்டு, ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை வாழ்ந்து பார்க்கிற வகைதான் பிடிக்கும். ஒரு நாள் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே கதை?" என்று கேட்டிருக்கிறார். இவர் சொல்ல ஆரம்பித்தவர், கேட் திறந்து பின்னால் நின்றவர்களெல்லாம் ஹாரன் அடித்த பிறகும் நிறுத்தவில்லையாம். மறுநாள் அதையே போனில் பேசிப் பதிவு செய்து போட்டார். 'கேட் மூடியாச்சு' என்று சேனலுக்குப் பெயர். இன்றைக்குப் பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். அதில் பாதிப் பேர் கேட்டில் நிற்கிறவர்கள்தான் என்பது என் கணிப்பு.

இவருக்கு நேரத்தை அளக்கிற அளவும் கேட்தான். "இந்தச் சண்டை ரெண்டு கேட் இழுக்கும்" என்பார். "முழுக் கதையும் நூத்திருபது கேட்" என்பார். லண்டனில் இருக்கிற ஒருவர், "அண்ணே, ஒரு கேட் என்றால் எத்தனை நிமிஷம்?" என்று எழுதிக் கேட்டிருந்தார். "அது ஸ்டேஷன் மாஸ்டருக்குத்தான் தெரியும்" என்று இவர் பதில் போட்டார்.

ஆனால் விளையாட்டில்லாத ஒரு விதி இவரிடம் உண்டு. கடைசிவரை முடிக்காமல் எந்த கேமைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார். ஒரு தடவை டிராகன் கதை ஒன்று வந்தது. நான் பார்த்தவரைக்கும் டிராகன் தூங்கியது, இவர் தூங்கினார், மறுபடியும் டிராகன் தூங்கியது. "நல்லா இல்லன்னு சொல்லிட்டு விட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "வயல முழுசா அறுத்து, அடிச்சு, அளந்துட்டுத்தான் கண்டுமுதல் இத்தன மூட்டைன்னு சொல்லணும் கலை. வரப்புல நின்னு சொல்றது விமர்சனம் இல்ல, வாய்க்கொழுப்பு" என்றார். தொண்ணூறு கேட் உட்கார்ந்து அதை முடித்துவிட்டுத்தான் நல்லா இல்லை என்று சொன்னார். அந்த விதிக்காகவே இவர் பேச்சை நம்புகிறவர்கள் உண்டு.

நான் கலைமகள். பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காகிதம் இல்லாதவன் அழுவதையும் காகிதம் வைத்திருக்கிறவன் சிரிப்பதையும் தினமும் பார்க்கிறவள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடக்கப்போவதை நான் முன்னாலேயே சொன்னேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எழில்மொழி என்று ஒரு பெண் இவருக்கு எழுதினாள். சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் கேமுக்குக் கதை எழுதுகிறாளாம். காவிரியை வைத்துத் தமிழிலேயே ஒரு கேம் செய்கிறார்களாம். பெயர் 'ஏழு மடை'. "நானும் பாபநாசம் பக்கந்தாண்ணே, நீங்கதான் உதவணும்" என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியிலேயே இவர் விழுந்துவிட்டார். அதன் பிறகு கேட் மூடினால் டப்பா இல்லை, போன்தான். ஆறு எங்கே பிரியும், வாய்க்காலில் தண்ணீர் முறை எப்படி வைப்பார்கள், தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் எதில் சண்டை வரும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இரண்டு தடவை வீட்டுக்கும் வந்தாள். முதல் தடவை கெளுத்தி மீன் குழம்பு வைத்தேன். "அண்ணி, இந்த மாதிரி சாப்பிட்டு எத்தன நாளாச்சு" என்று விரலைச் சூப்பினாள். இரண்டாவது தடவை வருவதற்கு முன்பே போன் செய்து, "அண்ணி, அதே குழம்பு" என்றாள். நானும் மெனக்கெட்டு மார்க்கெட்டுக்குப் போய் உயிர்க் கெளுத்தி வாங்கிவந்து ஆய்ந்தேன். முள் குத்திய விரல் நாலு நாள் வீங்கியிருந்தது.

அந்த இரண்டாவது தடவைதான் இவர் அப்பாவின் கதையைச் சொன்னார்.

என் மாமனார் துரைராசுவுக்குச் சொந்த நிலம் இல்லை. ஊரில் ஒரு பெரியவருடைய ஐந்து மா நிலத்தை, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், இருபத்திரண்டு வருஷம் குத்தகைக்குச் செய்தார். எழுத்து கிடையாது, ரசீது கிடையாது, கிராமக் கணக்கில் அடங்கலில் பேர் ஏறவில்லை. பெரியவர் "நீ செய்டா துரைராசு" என்று சொன்னார், மாமா செய்தார். பெரியவர் செத்துப்போனதும் வெளியூரில் இருந்த பிள்ளைகள் நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மார்கழி மாசம், சம்பா பால் பிடிக்கிற நேரம். கோர்ட்டுக்குப் போகலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். போய் எதைக் காட்டுவது? மறுநாள் காலையில் பொக்லைன் வருகிறது என்று ஊருக்கே தெரியும். மாமா முதல்நாள் சாயங்காலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தார். இருபது வயசுப் பையனாக இருந்த இவர், "நாளைக்கு அழிக்கப்போறானுங்க, இன்னைக்கு எதுக்குப்பா தண்ணி?" என்று கத்தியிருக்கிறார். அதற்கு மாமா சொன்னது இதுதான்: "வித்தது வாங்குனது அவங்களுக்குள்ள. பயிருக்குத் தெரியாதுல்ல?"

எழில்மொழி அழுதாள். நிஜமாகவே அழுதாள், நான் பார்த்தேன். மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் மண்டியிட்டு, "தாத்தா, உங்கள அப்படியே கேமுக்குள்ள வைக்கப்போறேன்" என்றாள். மாமாவுக்கு கேம் என்றால் என்ன தெரியும்? "மண்வெட்டிய ஒழுங்கா வரையச் சொல்லு. சினிமாவுல புடிக்கிற மாதிரி புடிக்கக் கூடாது" என்றார். அவள் மண்வெட்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு நான் சொன்னேன். "ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்குங்க. கதைய மாத்தக் கூடாது, மாத்துனா நம்மள கேக்கணும்னு ரெண்டு வரி போதும். என் கடையிலயே டைப் அடிச்சுத் தர்றேன்." இவர் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் ஏதோ தப்புச் செய்தவள். "நம்ம ஊரு பொண்ணு கலை. அது கண்ணுல தண்ணி வந்துச்சு, பாத்தீல்ல? அதுகிட்டப் போயி கையெழுத்து கேக்கறதா?" அப்பன் வாய்ச்சொல்லை நம்பி நிலத்தை விட்டார். மகன் வாய்ச்சொல்லை நம்பி அப்பனை விட்டார். குடும்பத்துக்குப் பட்டா கிடையாதே தவிர, ஏமாளித்தனம் மட்டும் பரம்பரைச் சொத்து.

இந்தத் தை மாதம் கேம் வந்தது. வெளியில் விடுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே விமர்சனத்துக்காக இவருக்கு அனுப்பினார்கள். மாமா தினமும் சாயங்காலம் கேட்பார், "நம்ம கட்டம் வந்துடுச்சா?" இவரும் "இன்னும் ரெண்டு மடை இருக்குப்பா" என்பார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அது நல்ல கேம்தான். எனக்கே பிடித்திருந்தது. வாய்க்கால் காவல்காரி ஒருத்தி கல்லணையிலிருந்து கடல்வரை ஏழு மடைகளைத் திறந்துகொண்டு போக வேண்டும். ஒவ்வொரு மடையிலும் ஒரு ஊர், ஒரு வழக்கு. சண்டை வந்தால் ஆளுக்கு ஒரு முறை. நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாத் தண்ணீரையும் மேல் ஊருக்கே விட்டுவிட்டால் கடைசி ஊரில் கூட்டாளி கிடைக்க மாட்டான். வெறும் கத்தியை வைத்துக்கொண்டு முடிக்க முடியாது, யோசிக்க வேண்டும். வயலின் பச்சை சம்பாவுக்கு ஒரு மாதிரி, இரண்டாம் போகத் தாளடிக்கு ஒரு மாதிரி இருந்தது. மழைக்கு முன்னால் தட்டான் தாழப் பறந்தது. "கலை, இது நான் சொன்னது. இதுவும் நான் சொன்னது" என்று இவர் ஒவ்வொன்றாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தட்டானைக் காட்டியபோது இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஆறு மடை முடிந்தது. ஏழாவது மடை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. வண்டி ஓட்டம் இல்லாததால் வீட்டில்தான் விளையாடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

நிலம் பறிபோன ஒரு கிழவர் வருகிறார். தலையில் மாமா கட்டுவது மாதிரியே துண்டு. மண்வெட்டி மட்டும் அச்சு அசல். கிழவர் ராத்திரியோடு ராத்திரியாக மடையை உடைத்து விளைந்த பயிரை மூழ்கடிக்கிறார். தனக்கு இல்லாத நிலம் யாருக்கும் விளையக் கூடாது என்று வஞ்சம். அந்த வெள்ளத்தில் ஊரில் மூன்று பிள்ளைகள் போய்விடுகின்றன. ஆறு மடையாக ஊர்களுக்குள் சண்டை மூட்டிவிட்டவரும் இந்தக் கிழவர்தான் என்று அங்கேதான் தெரிகிறது. கதையின் பெரிய திருப்பமே அதுதானாம். காவல்காரி அவரைக் கண்டுபிடித்து நிற்கிறாள். திரையில் இரண்டு வரி வருகிறது: 'காவலரிடம் ஒப்படை', 'இன்னும் யோசி'.

இவர் 'இன்னும் யோசி'யை அழுத்தினார். திரை கறுத்து, மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதே இடம். நான் பூண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். பயிர் காயக் கூடாது என்று தண்ணீர் கட்டிய மனுஷனைப் பயிரைக் கொன்றவர் ஆக்கிவிட்டாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது கெளுத்திக் குழம்பை விரல் சூப்பித் தின்றுவிட்டு வரும் என்று தெரியாமல் போயிற்று.

இவர் அவளுக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அண்ணே, முடிச்சிட்டீங்களா? எப்படி இருந்துச்சு?" அவள் குரலில் நிஜமான ஆவல் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பா ஏம்மா இப்படி?" என்றார் இவர்.

"மொதல்ல நீங்க சொன்ன மாதிரிதாண்ணே எழுதியிருந்தேன். டீம்ல படிச்சுட்டு, கடைசி மடையில சும்மா தண்ணி கட்டிட்டுப் போனா எப்படி, வில்லன் வேணும்னு சொன்னாங்க. பேரெல்லாம் மாத்திட்டோம்ணே. உங்க அப்பான்னு யாருக்குமே தெரியாது."

"எங்க அப்பாவுக்குத் தெரியும்லம்மா."

"ஸாரிண்ணே. ஆனா தாத்தா சொன்ன அந்த வரிய நான் எடுக்க விடல. அதுக்காக அவ்வளவு சண்ட போட்டேன். நீங்க முழுசா முடிங்கண்ணே, அது வரும்" என்றாள்.

நான் போனைப் பிடுங்கி, "இனிமே என்னை அண்ணின்னு கூப்புடாத" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் திட்டத் தெரியவில்லை. தனியாக இருக்கும்போது நிறையத் தோன்றுகிறது.

மூன்று நாள் டப்பாவை இவர் வண்டியில் எடுத்துப்போனார், கொண்டுவந்தார். விளையாடினாரா என்று நான் கேட்கவில்லை. மாமா கேட்டதற்கு, "இன்னும் வரலப்பா" என்றார். அப்பாவிடம் இவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குள் கேம் வெளியாகி, கரூர்க்காரர் ஒருவர் முழுவதையும் விளையாடிக் காட்டி வீடியோ போட்டிருந்தார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை, 'ஒப்படை'யை ஒரே அழுத்து. காவலர்கள் கிழவரின் கையைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். அப்போதுதான் கிழவர் திரும்பி, மூழ்கிக் கிடக்கும் வயலைப் பார்த்துச் சொல்கிறார்: "பயிருக்குத் தெரியாதுல்ல?" இழுத்துப் போகும்போது மட்டும்தான் அந்த வரி. வேறு எங்கேயும் இல்லை. கரூர்க்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். "பைத்தியம் புடிச்சிடுச்சு பெருசுக்கு" என்றார். நான் இவரிடம் இதைச் சொல்லவில்லை. இவர் அந்தப் பட்டனைத் தொடப்போவதில்லை, பிறகு எதற்கு இதையும் சொல்லி நோகடிப்பது என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் விமர்சனம் போட்டார். பதினோராயிரம் பேரும் காத்திருந்த விமர்சனம். வழக்கம்போல வண்டிக்குள் உட்கார்ந்து, பின்னால் கேட் மணி அடிக்கப் பேசினார். ஆட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுத்தார். முறை வைத்துப் போடும் சண்டையைப் பற்றி ஒரு கேட் பேசினார். தட்டான்பூச்சியைக்கூட விடவில்லை. கதைக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார்.

"கதைக்கு ரெண்டு. ஆறு மடைவரைக்கும் நல்லா எழுதியிருக்காங்க. ஏழாவதுல வர்ற விவசாயி தப்பு. பயிர் வெச்ச எந்த மனுஷனும் அதைக் கொல்றதுக்குத் தண்ணி கட்ட மாட்டான். எங்க பக்கம் யாரையாவது கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். அவள் பெயர் இல்லை, அப்பா பெயர் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரைக் கூட்டி அவளை நாறடிக்க வேண்டாமா என்று கேட்டேன். "எங்கிட்ட என்ன பேப்பரா இருக்கு, காட்டறதுக்கு?" என்றார். ஆனால் ஒன்றில் எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அப்பாவுக்காக, முடிக்காமல் ஒரு கேமைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த விதி உடைந்தால் உடையட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு இவருக்குப் பிடித்த வாழைப்பூ வடை சுட்டேன்.

மறுநாள் மத்தியானம் மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் யாரோ அவரிடம், "செழியன் உன் கேமுக்கு மார்க்கு போட்டுட்டான்" என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் சாப்பிட வந்து கை கழுவியதும் மாமா பிடித்துக்கொண்டார்.

"நம்ம கட்டம் வந்துடுச்சாமே? சொல்லவே இல்ல?"

இவர் தரையைப் பார்த்தார். "வந்துடுச்சுப்பா."

"மண்வெட்டி?"

"சரியா போட்டிருக்காங்க."

மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தி, "நான் சொன்னேன்ல, பயிருக்குத் தெரியாதுன்னு. அதையும் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

"போட்டிருக்காங்கப்பா. நீங்க சொன்ன மாதிரியே, ஒரு எழுத்து மாறாம. மெதுவா, திரும்பிப் பாத்து சொல்றீங்க."

என் கையில் இருந்த குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்துச் சொல்வது இவருக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்க வேண்டும் என்றால் ஒப்படைத்திருக்க வேண்டும். கேட்டில் நின்றபடி, சுற்றிலும் டீ குடிக்கிறவர்கள் நடுவில், இவர் அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறார். முடிக்காமல் பேசக் கூடாதாம். பதினோராயிரம் பேருக்குக் கொடுத்த வாக்காம். நேற்று நான் சுட்ட வடையைப் பேசாமல் தின்றுவிட்டுப் படுத்த மனுஷன்.

"எந்த எடத்துலடா வருது?" என்றார் மாமா.

"கடைசியில. உங்கள கூட்டிட்டுப் போறப்ப."

"யாரு கூட்டிட்டுப் போறது?"

"ராஜா ஆளுங்கப்பா. தண்ணி கட்டுனதுக்கு."

மாமா யோசித்தார். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நிலம் போனவனை ராஜாவின் ஆள் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பார்கள்? பிறகு கேட்டார், "நான் கட்டுனது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? யாரு காட்டிக்குடுத்தது?"

இவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூடின கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. எழில்மொழி மேல் இருந்த கோபமும் இவர் மேல் வந்த கோபமும் ஒன்றாகச் சேர்ந்து என் வாயில் வந்துவிட்டது.

"விளையாடுறவங்கதான் மாமா. அவங்க பட்டன அமுக்குனாத்தான் உங்கள புடிப்பாங்க."

மாமா மகனைப் பார்த்தார்.

"வேற வழி வெக்கலையாடா அதுல?"

"இல்லப்பா. எல்லா வழியும் போய்ப் பாத்துட்டேன். நீங்க சொன்னது இருக்கா இல்லையான்னு தெரியணும்பா எனக்கு."

"சரி விடு" என்றார் மாமா. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ ஒக்காரு. நேரமாச்சு, சாப்புடு" என்றார்.

இவர் உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போகும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டார். முப்பத்தெட்டு வயசு ஆள், தட்டில் கையை வைத்துக்கொண்டு அழுதார். மாமா அவரைத் தடுக்கவில்லை, குழம்பு மட்டும் ஊற்றச் சொன்னார். நான் ஊற்றினேன். விளையாடுறவங்கதான் என்ற அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.